உதை குறைந்த பிறகும்

1987 நவம்பர் 14, சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருபது நிமிடம். நாற்பத்தொரு தோட்டாக்கள்.

அண்ணை,

உங்கள் பிஸ்கற் தகரப்பெட்டியை இப்போதுதான் திறந்தேன். கை எண்ணத் தொடங்கு முன்னே மூக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. துப்பாக்கி எண்ணெய் மணம், அதற்கு மேலே உங்கள் கறுப்புப் புகையிலைச் சிகரெட்டின் மணம். சட்டென்று மூடிவிட்டேன். பிறகு, இது என்ன விசர் என்று திரும்பத் திறந்து, பட்டறை மேசையில் பழந்துணி விரித்து, வகை வகையாகப் பிரித்து அடுக்கினேன். துப்பாக்கிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். எங்கள் முதலாளி, பத்ரோன், இன்னும் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் அக்கா, உங்கள் மனுசி, என்னை ரூ பெர்தொனே தெரு வீட்டுக்குக் கூப்பிட்டா. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம். அலுமாரியைத் துப்புரவாக்கத் தொடங்கியிருக்கிறா. உங்கள் கோட்டுகளைக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்தா. பெட்டியை என் கையில் தந்தா.

"இதுங்கள வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? நீயே எடுத்துட்டுப் போ தம்பி."

வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவடியில் வைத்துக் கேட்டா.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. என்கிட்ட மார்ச்சுலதான் வலிக்குதுன்னு வாயத் தொறந்தாரு. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"வேட்டைக்குப் போறவைக்குத் தோள் நோகிறது வழமைதானே அக்கா" என்றேன். மெத்ரோ ரயிலுக்கு நேரமாகிறது என்றும் சொன்னேன். அக்காவுக்குத் தெரியும், என் அறை ரூ பிலிப்-து-ஜிரார். ஐந்து நிமிட நடை. மெத்ரோ எதற்கு? நான் படியால் ஓடி இறங்கும்போது பெட்டிக்குள் தோட்டாக்கள் உருண்ட சத்தம் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. தேதியோடு இருக்கிறது. கட்டம் போட்ட கொப்பியில், என் கையெழுத்தில். இரவு முழுக்க அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், யாராவது திருடிவிடுவார்கள் என்பது மாதிரி. அக்காவிடம் சொல்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் உங்களுக்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிப் பார்க்கிறேன். பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கைக்காரர் வருகிறார். அதற்குள் முடிக்க வேண்டும். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நாங்கள் சந்தித்தது 1984 மாரியில், பாரிஸின் ரூ காய் தெருவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில். இழுத்துப் பூட்டும் இரும்புக் கதவு பாதியில் சிக்கி நின்றது. மூன்று பேர் தொங்கி இழுத்துக்கொண்டு நின்றார்கள். இழுக்க இழுக்க இன்னும் மோசமாகும் என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. "விலத்துங்கோ" என்று கடைக்காரரையே தள்ளிவிட்டு, நெளிந்த தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மெழுகுதிரித் துண்டைத் தேய்த்தேன். கதவு இறங்கியது. நீங்கள் கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எங்க கத்துக்கிட்ட?"

"யாழ்ப்பாணத்திலை. டெக்னிக்கல் கொலிஜ்."

"லேத் ஓட்டுவியா?"

"ஓட்டாமல்?"

"மரியாதையா பதில் சொன்னா வேலை வாங்கித் தர்றேன்."

"ஓட்டுவன் அண்ணை."

"அண்ணையா? வெண்ணைன்னு கூப்பிடற மாதிரியே இருக்குப்பா."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலை சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி நின்றேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் இந்தத் துப்பாக்கிக் கடைக்கு என்னைக் கூட்டிவந்து, பத்ரோனிடம் நீங்கள் பிரெஞ்சில் சொன்னது எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. "வாய் கெட்டது, கை நல்லது" என்று சொன்னதாகப் பிறகு அவரே சொன்னார்.

நீங்கள் பாண்டிச்சேரிக்காரர். பிறந்தபோதே பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம், சார்ஜன்ட் ஆக ஓய்வு, பிறகு நகரசபையில் எழுதுவினைஞர். ஒக்டோபர் தொடங்கினால் ஞாயிறு தவறாமல் சொலோஞ் காட்டுக்குப் பன்றி வேட்டை. அந்தக் கூட்டத்தில் இருபது வெள்ளைக்காரர், ஒரு தமிழர். நான் கார்த் து செஜூர் என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கிறவன். இரண்டு பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது தோட்டாதான்.

முதல் நாள் நான் இந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றதை நீங்கள் கவனித்தீர்கள். கூரை வரைக்கும் தோட்டாப் பெட்டிகள், மிட்டாய்க் கடை மாதிரி நிறம் நிறமாக. எங்கள் ஊரில் நான் தோட்டாக்களைக் காதால்தான் படித்தவன். சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்து, இது கிட்ட, இது தூர, இது ஆமி, இது மற்றது என்று. அங்கே ஒரு தோட்டாவுக்கு ஒரு வேலைதான். இங்கே மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, மலையாட்டுக்கு ஒன்று. நீங்கள் என்னை வெளியே கூட்டிப்போய்க் கோப்பி வாங்கித் தந்தீர்கள்.

தோட்டாவின் பெயரில் இரண்டு எண் வரும். முதலாவது முன்னால் பறக்கிற சன்னத்தின் தடிப்பு, இரண்டாவது மருந்து அடைத்த கோதின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். உங்களுடையது எட்டு அறுபது. அதன் கதையை நீங்கள்தான் கேட்டீர்கள், பத்ரோன் சொன்னார், நான் தமிழில் எனக்காகக் குறித்துக்கொண்டேன். போரில் பாவித்த கலிபர் எதையும் இந்த நாட்டில் வேட்டைக்காரர் வைத்திருக்கக் கூடாது. எட்டு ஐம்பத்தேழு போரில் பாவித்தது. அதனால் அதன் கோதை மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் எட்டு அறுபது. சட்டத்துக்கு அது வேறு தோட்டா. பன்றிக்கு அதே தோட்டா.

"மூணு மில்லிமீட்டர் நீட்டினா பாவம் போயிடுமா தம்பி?"

"போகாது. வழக்கு வராது."

நீங்கள் சிரிக்கவில்லை. அந்தப் பித்தளைக் கோதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

1985 நவம்பரில் அந்த எட்டு அறுபதைக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்தீர்கள். பதினொரு வருடம் உங்கள் தோளில் கிடந்த துப்பாக்கி.

"இத இனிமே நான் தூக்கிட்டுப் போறதா இல்ல."

"ஏன், என்ன பிழை?"

"ஒண்ணும் இல்ல. கார்ல இருந்து எறங்கினதும் எவனாவது 'பாப்பி வந்துட்டாரு'ன்னு கத்தறான். தாத்தாவாம். ரொம்ப நாளா என்னத்தான் சொல்றானுங்கன்னு நெனச்சேன். பரவாயில்லன்னு விட்டேன். இப்பதான் தெரியுது, துப்பாக்கிய சொல்றானுங்க."

உங்கள் கூட்டத்தில் எல்லோரும் மக்னத்துக்கு மாறியிருந்தார்கள். எழுபதுகளில் ஏழு அறுபத்துநாலு இல்லாதவன் வேட்டைக்காரனே இல்லை. இப்போது அதே ஏழு மில்லிமீட்டர்ச் சன்னத்துக்குப் பெரிய கோது, இன்னும் கூடின வெடிமருந்து, மக்னம் என்று பெயர். பத்ரோனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. விற்பார், ஆனால் முணுமுணுப்பார். பத்து வருடத்துக்கு ஒருமுறை காட்டுப்பன்றிக்குத் தோல் தடிக்கிறதாம், பட்டியல் புத்தகம் சொல்கிறதாம். அவருடைய அப்பா காலத்தில் ஈயக் குண்டுக்கே செத்த பன்றிக்கு இன்றைக்கு மக்னம் போதாதாம்.

நான் இரண்டு பேரையும் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்தேன். எனக்கு அப்போது எல்லாமே கணக்கு.

"எவ்வளவு தூரத்திலை சுடுறனீங்கள்?"

"நாப்பது மீட்டர். மிஞ்சினா அம்பது."

"ஆகக் கூடினது?"

"ஒருவாட்டி நூத்தி இருபது. தப்பிப் போச்சு."

அதைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு வருடத்தில் நாற்பது மீட்டரில் விழுத்திய அத்தனை பன்றியையும் விட்டுவிட்டு, தப்பிப்போன ஒன்றுக்குக் கணக்குப் போட்டேன். சன்னத்தின் வேகம், நிறை, நூறு மீட்டரில் எவ்வளவு இறங்கும், எவ்வளவு சக்தியோடு போய் இடிக்கும். நிரல் நிரலாக. நீங்கள் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள்.

"முடிக்க விடு தம்பி. எனக்கு என்னா வேணும்னா..."

"தெரியும் அண்ணை. தட்டையாப் போற சன்னம் வேணும் உங்களுக்கு. மக்னம்தான். யோசிக்கிறதுக்கு இதிலை ஒண்டும் இல்லை."

உங்களுக்கு என்ன வேணும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எட்டு அறுபதைப் பத்ரோன் எடுத்துக்கொண்டு மக்னத்தைத் தந்தார். அந்தப் பழைய துப்பாக்கி இப்போதும் சுவரோரம் கடைசித் தட்டில் நிற்கிறது. இரண்டு வருடத்தில் ஒருவரும் கையில் எடுத்துப் பார்த்தது கூட இல்லை. அந்தக் கலிபரை யாரும் கேட்பதில்லை.

1986 ஜனவரியில் மக்னத்தின் முதல் பன்றி. எழுபது கிலோ, ஒரே சூடு. தூரம் முப்பத்தைந்து மீட்டர். அதை உங்கள் எட்டு அறுபதே செய்திருக்கும். அதை நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பின்னங்காலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தீர்கள். அக்கா மிளகும் வினிகரும் போட்டுச் சமைத்தா. வீட்டுக்கு வந்த உங்கள் ஊர்க்காரர் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இவன்தான் நம்ம இன்ஜினியர். எந்த கலிபர்னு இவன்தான் சொல்லுவான்" என்றீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் பாரிஸில் யாரும் என்னை எதற்காகவும் பெருமையாகச் சொன்னதில்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இனி, கொப்பி. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

"19.10.86. மக்னம். உதை 29 ஜூல். வலத் தோள் நோ. காரணம் உதை."

நாங்கள் சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பதைத்தான் உதை என்கிறோம். அது எவ்வளவு சக்தி என்று ஜூலில் கணக்கிடலாம். துப்பாக்கி நிறை, சன்ன நிறை, வேகம், மருந்து. உங்கள் எட்டு அறுபதுக்கு இருபத்திரண்டு. மக்னத்துக்கு இருபத்தொன்பது. நீங்கள் தோள் வலிக்கிறது என்றதும் எனக்குச் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். கணக்கு சரியாக வந்ததே. துப்பாக்கியின் பின்கட்டையில் ஒரு சென்ரிமீட்டர் வெட்டி, தடித்த இறப்பர் வைத்தேன். அழகான வேலை. பத்ரோனே தடவிப் பார்த்தார்.

நவம்பரில் வலி நிற்கவில்லை. முழங்கைக்கு இறங்கியது. "படுத்தா வலிக்குதுப்பா" என்றீர்கள். படுத்திருக்கும்போது எந்தத் துப்பாக்கி உதைக்கும், அண்ணை? அப்போது நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "போன ஞாயிறு எத்தனை சூடு?"

"7.12.86. ஏழு அறுபத்துநாலு. உதை 21. தோள் நோ, முழங்கை நோ, சின்ன விரல் மரத்தல். பிடி பிழை."

மக்னத்தைத் திருப்பிக் கொடுத்து ஏழு அறுபத்துநாலுக்கு வந்தோம். எட்டு அறுபதை விட உதை குறைவு. பதினொரு வருடம் நோகாத உதையை விடக் குறைவு. எழுதியவன் நான். கூட்டல் கழித்தல் தெரியாதவனா? சின்ன விரல் மரக்கிறது, தோட்டா கையிலிருந்து நழுவுகிறது என்றீர்கள். நான் தோட்டா ஏற்றுகிற பூட்டுப் பிடியின் குமிழைப் பெரிதாகக் கடைந்து மாற்றினேன். ஜனவரியில் உங்கள் வலக்கண் இமை பாதி இறங்கி இருந்தது. துப்பாக்கித் தொலைநோக்கிக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பழகிவிட்டீர்கள் என்று நினைத்து, தொலைநோக்கியை இரண்டு சென்ரிமீட்டர் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினேன்.

"என்னாப்பா, மொகத்துக்கு தகுந்த மாதிரி துப்பாக்கிய செதுக்கறியா?"

"ஓம். முகத்தை மாத்த ஏலாதே."

பெரிய பகிடி விட்டதாக நினைப்பு எனக்கு.

"21.2.87. இரு நாற்பத்துமூன்று. உதை 12. தோள் நோ. காரணம் பயம்."

இரு நாற்பத்துமூன்று அங்குலக் கணக்கில், புள்ளி இரண்டு நாலு மூன்று என்று வந்த பெயர். ஆறு மில்லிமீட்டர்ச் சன்னம், சிறிய மான்களுக்குச் சுடுவது. உதை இல்லை என்றே சொல்லலாம். கடைத் துப்பாக்கியைப் பத்ரோனிடம் கெஞ்சி இரவல் வாங்கி, புறநகர்ச் சுடுகளத்துக்குச் சனிக்கிழமை காலை போனோம். குளிர். உங்கள் மூச்சுப் புகையா சிகரெட் புகையா என்று தெரியவில்லை. இலக்கு ஐம்பது மீட்டரில். ஒரே ஒரு சூடு. சன்னம் நடு வட்டத்தில். நீங்கள் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தீர்கள், சாப்பாட்டுத் தட்டை வைப்பது மாதிரி.

"இது ஒதைக்கவே இல்ல தம்பி."

"பாத்தீங்களே."

"ஆனா வலிக்குது. நான் என்னா நெனைக்கிறேன்னா..."

"அண்ணை, உங்களுக்குப் பயம். முந்தி மக்னம் உதைச்ச பயம். இப்ப நோகிறது தோள் இல்லை, பயம்தான். இருபது சூடு சுடுங்கோ, சரியாப் போகும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு இமை தாழ்ந்து, ஒரு இமை நிமிர்ந்து. "முடிக்க விடு" என்று சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வீர்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு, "சரி, போலாம்" என்றீர்கள்.

ரயிலில் நான் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தேன்.

மார்ச்சில் ஒரு காலை உங்களால் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. அக்கா பூட்டிவிட்டு, அதே சட்டையோடு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனா. எக்ஸ்ரே. வலது நுரையீரலின் உச்சி நுனியில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் எனக்கும் அக்காவுக்கும் தாளில் கீறிக் காட்டினார். கைக்குப் போகிற நரம்புகள் அந்த நுனியை உரசிக்கொண்டுதான் போகின்றன. கண் இமைக்குப் போகிற நரம்பும் அதன் பக்கத்தில். கட்டி வளர வளரத் தோள் நோகும், சின்ன விரல் மரக்கும், அந்தப் பக்கத்து இமை இறங்கும். அக்கா பாதியைப் புரிந்துகொண்டா. நான் முழுவதையும் புரிந்துகொண்டேன். இறப்பர், குமிழ், தொலைநோக்கி. மூன்று இடத்தில் மூன்று திருத்த வேலை செய்தேன். மூன்றும் ஒரே இடம்.

அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து டொக்டரிடம் கேட்டேன், ஒக்டோபரில் வந்திருந்தால் என்று. அவர் பேனாவை மூடினார். சொல்ல முடியாது என்றார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பதிலைக் கொண்டு ஒரு நிரலையும் நிரப்ப முடியவில்லை.

ஜூலையில் உங்களிடமே சொன்னேன். அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்தா. நீங்கள் தலையணையில் சாய்ந்து பாதி ஆளாக இருந்தீர்கள்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் தம்பி, எந்த கலிபர்னு. எலுமிச்சங்கா அளவு இருக்காம். மக்னம்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியை எடுத்து நீட்டினேன். நீங்கள் கண்ணாடியைத் தேடவில்லை. வாசிக்கத் தேவையில்லை என்பது மாதிரி அதைப் போர்வைக்கு மேல் வைத்தீர்கள்.

"அண்ணை, நான்தான்..."

"முடிக்க விடு." அன்றைக்கு விட்டேன். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். "நீ சொன்னதால மட்டும் நான் நம்பல. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. துப்பாக்கின்னா மாத்திக்கலாம். தோள எங்க போய் மாத்தறது? அதான் நீ சொன்னத கெட்டியா புடிச்சுக்கிட்டேன். அந்தக் கடைசி நாளு, சுடற எடத்துல, உன்கிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன், டாக்டர்கிட்ட போலாமான்னு. நீ பயம்னியா, ஆமா, பயந்தான்னு தோணிச்சு. ஆனா வேற பயம்."

பிறகு, "ஒரு மாசம் போச்சு அதுல" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தீர்கள். அக்காவிடம் இதைச் சொல்லாதே என்றும் கேட்கவில்லை, சொல் என்றும் கேட்கவில்லை. அந்த முடிவை என் தலையில் விட்டுவிட்டுச் செப்டெம்பரில் போய்விட்டீர்கள்.

பத்து மணி ஐந்து. பத்ரோன் வந்து இரும்புக் கதவைத் தூக்கிவிட்டார். தோட்டாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்பக்கம் போய்விட்டார்.

மேசையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு அறுபது மூன்று. மக்னம் ஆறு. ஏழு அறுபத்துநாலு பதின்மூன்று. இரு நாற்பத்துமூன்று பத்தொன்பது. பெட்டிக்கு இருபது தோட்டா. எட்டு அறுபதில் நீங்கள் பெட்டி பெட்டியாகச் சுட்டவர். மக்னத்தில் இரண்டு பெட்டி. ஏழு அறுபத்துநாலில் ஏழே ஏழு. இரு நாற்பத்துமூன்றில் ஒன்று. உதையும் குறைந்துகொண்டு போனது, சுட்டதும் குறைந்துகொண்டு போனது. உதைதான் காரணமென்றால் சுட்டது கூடியல்லவா இருக்க வேண்டும்? ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இந்த நாலு குவியலைப் பார்த்தாலே சொல்லும், நோவு துப்பாக்கியில் இல்லை என்று. இந்தப் பெட்டி உங்கள் அலுமாரியில் முழு வருடமும் இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. என்னிடம் கொப்பி இருந்தது, கொப்பியில் பன்றிக்கு நிரல் இருந்தது, காற்றுக்கு நிரல் இருந்தது, ஆளுக்கு நிரல் இல்லை.

பதினொரு மணிக்கு வருபவர் ரொட்டிக் கடைக்காரர். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று இருக்கும். வியாழக்கிழமை வந்தார். மக்னம் உதைக்கிறது, தோள் தூங்க விடுகிறதில்லை, ஏழு அறுபத்துநாலு நல்லதாமே என்றார். நல்லது என்று என் வாய்தான் சொன்னது. இந்த வருடம் எல்லோரும் மக்னத்திலிருந்து திரும்பி ஏழு அறுபத்துநாலுக்கு வருகிறார்கள், அடுத்த பாஷன் அதுதான். துப்பாக்கியைத் துடைத்து, இறப்பர் பூட்டி, பெயர்ச் சீட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். மெஷின் மாதிரி எல்லாம் செய்து முடித்த பிறகுதான் நேற்று அக்கா கதவடியில் அந்தக் கேள்வியைக் கேட்டா.

அவருக்கு அனேகமாக உதையாகத்தான் இருக்கும். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு உதைதான். எனக்குத் தெரியும். ஆனால் நூறு பேரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள், "தோள் வலிக்குது" என்று. அந்த நூறாவது ஆளைக் கண்டுபிடிக்கக் கேட்டால்தான் உண்டு.

அக்காவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தலாம். ஒக்டோபரிலேயே தெரியும், நீயும் அவரும் சேர்ந்து மறைத்தீர்கள் என்று கத்தலாம். அதுவும் சரிதான். சொல்லாமல் விட்டால் அக்கா இனி வாழ்நாள் முழுவதும் மார்ச்சைத் தோண்டிக்கொண்டே இருப்பா. மார்ச்சில் தான் இன்னும் நாலு நாள் முந்திப் போயிருந்தால் என்று தன்னையே கேட்டுக்கொண்டு. தவறான மாதத்தில் தேடுகிறா. அந்தப் பாரம் என்னுடையது, நான் அதை அவவின் வீட்டில் வைத்துவிட்டுப் படியால் ஓடி வந்திருக்கிறேன்.

உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது புத்திமதி ஒன்றும் இல்லை, அண்ணை. நீங்கள் அப்படிப் பேசுகிற ஆளும் இல்லை. இரண்டு சொல்தான் மிச்சம்: முடிக்க விடு. யாராவது என் எதிரில் பேசத் தொடங்கினால் காதுக்குள் அது கேட்கிறது. பல தடவை பிந்தித்தான் கேட்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பதினொரு மணிக்கு வருபவரை உட்கார வைப்பது. துப்பாக்கியைக் கொடுக்கு முன் கேட்பது: எப்போதிருந்து நோகிறது, சுடாத கிழமையிலும் நோகிறதா, படுத்தால் நோகிறதா, சின்ன விரல் மரக்கிறதா. ஒன்றுக்கு ஓம் என்றாலும் முதலில் எக்ஸ்ரே, பிறகு ஏழு அறுபத்துநாலு. பத்ரோன் கத்தினால் கத்தட்டும்.

2. கொப்பியில் புதுப் பக்கம். முதல் நிரல்: ஆள்.

3. மக்னம் ஆறு, ஏழு அறுபத்துநாலு பதின்மூன்று, இரு நாற்பத்துமூன்று பத்தொன்பது: பத்ரோனிடம் ஒப்படைப்பது. எட்டு அறுபது மூன்றும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

4. கடைசித் தட்டில் நிற்கும் உங்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது. இரண்டு வருடத்துத் தூசி.

5. நாளை ஞாயிறு, பூசை முடிந்து அக்கா வந்த பிறகு ரூ பெர்தொனே. நாலு மாடியும் நடந்து ஏறுவது. கொப்பியை ஒக்டோபரிலிருந்து வாசிப்பது. "காரணம் பயம்" என்ற வரியையும் வாசிப்பது.

6. அதன் பிறகு அக்கா பேசத் தொடங்கினால், முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பது.